கணிதக் குறிகளை வகுத்த லைப்னிட்ஸ்

மனிதன் எண்ணியதைப் பிறர் அறியச் செய்வது மொழி. அம்மொழியைக் காலவெள்ளம் கொண்டு போகாமல் காப்பது எழுத்து. அவ்வெழுத்தைப் பல்லாயிரவர் கையில் கொண்டு சேர்ப்பது அச்சு. இம்மூன்றும் இலக்கியத்துக்கு எத்துணை இன்றியமையாதனவோ, கணிதத்துக்கும் அத்துணை இன்றியமையாதன.

ஆயினும், இலக்கியத்தை அச்சிடுவதில் இல்லாத ஓர் இடர்ப்பாடு கணிதத்தை அச்சிடுவதில் உண்டு. செய்யுளாயினும் உரைநடையாயினும் எழுத்துகள் இடமிருந்து வலமாக, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வரியில் செல்லும். கணிதமோ அவ்வாறு செல்வதில்லை. ஓர் எண் மேலே ஏறி நிற்கும். மற்றோர் எண் கீழே இறங்கி நிற்கும். பின்னம் இரண்டு மாடி வீடுபோல் அடுக்கி நிற்கும். இவற்றினிடையே கோடுகளும் குறிகளும் விரவி வரும். இவ்வடுக்கை ஈய எழுத்துகளால் கோத்து நிறுத்துவது அச்சுக்கோப்பவருக்குப் பெருந்துன்பம் தருவதாய் இருந்தது. அத்துன்பத்தை உணர்ந்து, கற்பவர் கண்ணுக்கும் கோப்பவர் கைக்கும் ஒருங்கே எளியனவான குறிகளைத் தேடிய பேரறிஞர் ஒருவர் 17-ஆம் நூற்றாண்டில் தோன்றினார். அவரே ஜெர்மானிய அறிஞர் காட்ஃப்ரீட் வில்ஹெல்ம் லைப்னிட்ஸ்.

இளமை

லைப்னிட்ஸ் 1646-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் லைப்சிக் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் அறநூற் பேராசிரியராய் விளங்கியவர். மைந்தருக்கு ஆறு வயது நிரம்பிய ஆண்டிலேயே அவர் இயற்கை எய்தினார். தந்தையார் விட்டுச் சென்ற செல்வங்களுள் சிறந்தது அவர்தம் நூலகமே. இளஞ்சிறுவராகிய லைப்னிட்ஸ் அந்நூலகத்துள் புகுந்து, படங்களோடு கூடிய ஒரு வரலாற்று நூலை வைத்துக்கொண்டு, படத்தையும் சொல்லையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தாமாகவே இலத்தீன் மொழியைக் கற்றார். ஒரு குறியைக் கண்டு அது குறிக்கும் பொருளை உய்த்துணரும் பழக்கம் அவரிடம் அப்போதே வேரூன்றியது.

1661-இல், பதினான்கு வயதில், அவர் பல்கலைக்கழகம் புகுந்தார். மெய்ப்பொருளியலும் சட்டமும் பயின்றார். 1666-இல் அவர் வெளியிட்ட ஒரு நூலில் அரியதோர் எண்ணத்தைக் காண்கிறோம். சொற்கள் எல்லாம் சில எழுத்துகளால் ஆனவைபோல, மனிதனின் எண்ணங்கள் எல்லாம் சில அடிப்படைக் கருத்துகளால் ஆனவை. ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு குறி வகுத்துவிட்டால், வாதங்களையும் கணக்குப்போலச் செய்து முடிவு காணலாம் என்பதே அவ்வெண்ணம். இக்கனவு அவர் வாழ்நாளில் நனவாகவில்லை. ஆனால், நல்ல குறி சிந்தனைக்கு ஊன்றுகோல் என்னும் உறுதி அவரை விட்டு இறுதிவரை நீங்கவில்லை.

அவ்வாண்டிலேயே அவர் சட்டத்தில் முனைவர் பட்டம் வேண்டினார். லைப்சிக் பல்கலைக்கழகம் அதனை அவருக்கு அளிக்கவில்லை. அவர் மனம் தளராது ஆல்ட்டார்ஃப் என்னும் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று பட்டம் பெற்றார். அங்கேயே பேராசிரியர் பதவியும் அவரைத் தேடி வந்தது. அதனை ஏலாது, மைன்ஸ் நாட்டை ஆண்ட சமயத் தலைவரின் அரசியற் பணியில் அமர்ந்தார்.

பாரிசு நகரில்

1672-இல் லைப்னிட்ஸ் அரசியல் தூதராகப் பாரிசு நகர் சென்றார். அறிவுலகின் நடுநாயகமாய் விளங்கிய அந்நகரில் ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் வாழ்ந்து வந்தார். அவரைச் சந்தித்த பின்னரே தமக்குக் கணித அறிவு எத்துணைக் குறைவு என்பதை லைப்னிட்ஸ் உணர்ந்தார். குறையை உணர்ந்தவர் அதனை மறைக்க முயலவில்லை. மாணவராய் அமர்ந்து கற்கத் தொடங்கினார். ஒன்று, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று, பத்தில் ஒன்று எனக் குறைந்து குறைந்து முடிவின்றிச் செல்லும் எண்களைக் கூட்டினால் வருவது யாது என ஹைகன்ஸ் வினவினார். அத்தொகை 2 என்று லைப்னிட்ஸ் கண்டறிந்து கூறினார்.

பெருக்கலும் வகுத்தலும் செய்யவல்ல கணக்குப் பொறி ஒன்றையும் அவர் அமைக்க முற்பட்டார். 1673-இல் அதன் மாதிரியை இலண்டன் அரசக் கழகத்தில் காட்டினார். அக்கழகம் அவ்வாண்டே அவரை உறுப்பினராக்கிக் கொண்டது.

அக்காலத்தில் வளைகோடுகள் அடைக்கும் பரப்பை அளக்கும் முயற்சியில் அறிஞர் பலர் ஈடுபட்டிருந்தனர். பரப்பை எண்ணற்ற மெல்லிய கீற்றுகளாகப் பகுத்து, அவை அனைத்தையும் கூட்டுவது அவர்கள் கையாண்ட முறை. அனைத்தும் என்னும் பொருள்பட்ட இலத்தீன் சொல்லைச் சுருக்கி, ஒவ்வோர் இடத்திலும் அதனை எழுதி வந்தனர். லைப்னிட்ஸும் முதலில் அவ்வாறே எழுதினார். கணக்கு நீள நீள அச்சொல் திரும்பத் திரும்ப வந்து வழியை மறித்தது. 1675-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29-ஆம் நாள் அவர் அச்சொல்லை நீக்கிவிட்டுத் தொகை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் முதல் எழுத்தாகிய நீண்ட எஸ்ஸை அவ்விடத்தில் எழுதினார். இன்று உலகெங்கும் மாணவர்கள் தொகையீட்டுக்கு எழுதும் ∫ என்னும் குறி அன்று பிறந்தது.

இரண்டு அளவுகளுக்கு இடையே உள்ள மிக நுண்ணிய வேறுபாட்டைக் குறிக்க டி என்னும் எழுத்தை அவர் தேர்ந்தெடுத்தார். வேறுபாடு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் முதல் எழுத்து அது. முதலில் அதனைப் பின்னத்தின் பகுதிபோல எழுத்துக்குக் கீழே எழுதிப் பார்த்தார். இரண்டு வாரங்கள் கழிவதற்குள், நவம்பர் 11-ஆம் நாள் குறிப்பில், அதனை மேலேற்றி எழுத்துக்கு முன்னே ஒரே வரியில் எழுதினார். மாடியாய் நின்றது தரையில் இறங்கி வரிசையில் சேர்ந்தது. இவ்விரு குறிகளையும் அடித்தளமாகக் கொண்டு நுண்கணிதம் என்னும் பெருங்கலையை அவர் எழுப்பினார்.

அச்சேறிய கணிதம்

1676-இல் லைப்னிட்ஸ் ஹனோவர் நகர் சென்று, அந்நாட்டுக் கோமகனின் நூலகத் தலைவராகவும் அறிவுரையாளராகவும் பணி ஏற்றார். நாற்பது ஆண்டுகள், தம் வாழ்நாள் முடியும்வரை, அவ்வரச மரபினருக்கே உழைத்தார். சட்டம், வரலாறு, சுரங்கத் தொழில், சமய ஒற்றுமை எனப் பல துறைகளிலும் அவர் கருத்து சென்றது. 1 என்னும் எண்ணையும் சுழியையும் மட்டும் கொண்டு எல்லா எண்களையும் எழுதும் முறையையும் அவர் ஆராய்ந்து விளக்கினார். இன்றைய கணிப்பொறிகள் அவ்விரும எண் முறையிலேயே இயங்குகின்றன.

1682-இல் லைப்சிக் நகரில் ஆக்டா எருடிடோரம் என்னும் அறிவியல் இதழ் தோன்றியது. அதன் தோற்றத்துக்குத் துணை நின்றவர்களுள் லைப்னிட்ஸும் ஒருவர். 1684-ஆம் ஆண்டு அக்டோபர் இதழில் நுண்கணிதத்தைப் பற்றிய அவருடைய முதற் கட்டுரை வெளிவந்தது. கட்டுரை சிறியது, ஏழு பக்கங்களுக்குள் அடங்கியது. சுருக்கத்தாலேயே அது விளங்குவதற்கு அரிதாயிற்று. அச்சுப் பிழைகளோ அவ்வருமையைப் பின்னும் மிகுவித்தன. உரைநடையில் ஓர் எழுத்துப் பிழைத்தால் படிப்பவர் தாமே திருத்திக்கொள்வர். கணக்கில் ஒரு குறி பிழைத்தால் பொருளே மாறிவிடும். பேசல் நகரைச் சேர்ந்த பெர்னூலி சகோதரர்கள் அக்கட்டுரையைப் புதிரை அவிழ்ப்பதுபோல அரிதின் முயன்று கற்றனர். கற்றபின் அவர்களே அக்கலையை ஐரோப்பா எங்கும் பரப்பும் தூண்களாயினர்.

1686-இல் வெளிவந்த மற்றொரு கட்டுரையில் தொகையீட்டுக் குறி முதன்முதலாக அச்சேறியது. அக்காலத்து அச்சகங்களில் நீண்ட எஸ் வழக்கமான எழுத்துகளுள் ஒன்று; அச்சுக்கோப்பவர் ஒவ்வொருவரின் எழுத்துப் பெட்டியிலும் அது இருந்தது. எனவே, புதிய கலையின் தலைமைக் குறிக்கு வடிவம் தேடி எவரும் அலைய வேண்டியதாயில்லை.

கோப்பவர் கையும் கற்பவர் கண்ணும்

அக்கால அச்சுக்கோப்பு முறையை அறிந்தால்தான் லைப்னிட்ஸின் தொண்டு நன்கு விளங்கும். கோப்பவர் பெட்டியிலிருந்து ஒவ்வோர் ஈய எழுத்தாகப் பொறுக்கி எடுத்து வரிசையாக அடுக்குவார். எல்லா எழுத்துகளும் ஒரே உயரம் உடையனவாதலின் வரி சிதையாமல் நிற்கும். ஆனால், ஐந்தையும் மூன்றையும் கூட்டி வந்த தொகையை நான்கால் வகுக்க என்பதைப் பின்னமாகக் காட்ட வேண்டுமாயின், மேலே ஒரு வரி, நடுவே ஒரு கோடு, கீழே ஒரு வரி என மூன்று அடுக்குகள் வேண்டும். அடுக்குகளின் இருபுறமும் வெற்று ஈயத் துண்டுகளைச் செருக வேண்டும். ஒரு துண்டு தளர்ந்தாலும் அடுக்கு முழுவதும் ஆட்டங்காணும். பல எண்களை ஒன்றாகச் சேர்த்துக் காட்ட அவற்றின் தலைமேல் நெடுங்கோடு இழுக்கும் வழக்கமும் அந்நாளில் இருந்தது. தம் கையெழுத்துக் குறிப்புகளில் லைப்னிட்ஸும் அக்கோட்டைப் பயன்படுத்தியதுண்டு. எழுதும் கைக்கு எளிதாயிருந்த அக்கோடு கோக்கும் கைக்குச் சுமையாயிற்று.

லைப்னிட்ஸ் இச்சுமையைக் குறைக்க முற்பட்டார். தலைமேற் கோட்டுக்கு மாற்றாக அடைப்புக்குறிகளையும், வகுத்தலுக்கு முக்காற்புள்ளியையும் கையாண்டார். மேலே கூறிய கணக்கு (5 + 3) : 4 என ஒரே வரியில் அடங்கிவிட்டது. உரைநடையைக் கோக்கும் எவரும் இதனைக் கோத்துவிடலாம். பெருக்கலுக்கு இங்கிலாந்து அறிஞர் ஆட்ரெட் 1631-இல் வழங்கிய சிலுவைக் குறியையும் லைப்னிட்ஸ் விரும்பவில்லை. தெரியாத எண்ணைக் குறிக்கும் எக்ஸ் என்னும் எழுத்தோடு அது மயங்கும் என்பதை 1698-இல் ஜோஹான் பெர்னூலிக்கு எழுதிய மடலில் எடுத்துக்காட்டினார். ஒரு புள்ளியே பெருக்கலுக்குப் போதும் என்பது அவர் முடிவு.

தம் குறியே சிறந்தது என்னும் செருக்கு அவரிடம் இல்லை. ஒரு குறியை வெளியிடுமுன் அறிஞர் பலருக்கும் மடல் எழுதி அவர்தம் கருத்தைக் கேட்பார். குறை கண்டால் மாற்றிக்கொள்வார். தொகையீட்டுக் கலைக்குத் தொகைக் கணக்கு என்று பெயரிட்டு, நீண்ட எஸ்ஸை அதன் குறியாக வழங்க அவர் விரும்பினார். ஜோஹான் பெர்னூலியோ அதனை இன்டெக்ரல் கணக்கு என்று அழைத்து, ஐ என்னும் எழுத்தைக் குறியாக்க விழைந்தார். இருவரும் மடல் வழியே கலந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். பெயர் பெர்னூலியுடையதாகவும் குறி லைப்னிட்ஸுடையதாகவும் நிலைபெற்றன. விட்டுக்கொடுத்தலால் இருவருமே வென்றனர்.

1708-இல் ஆக்டா எருடிடோரம் இதழ் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அச்சுக்கு இடர் தரும் முறைகளை விலக்கி, இனி லைப்னிட்ஸின் குறிகளையே வழங்குவதாக அவ்விதழ் கூறிற்று.

பூசலும் இறுதி நாட்களும்

இத்துணைப் பெருமை வாய்ந்தவரின் முதுமை துன்பம் நிறைந்ததாய் அமைந்தது. இங்கிலாந்துப் பேரறிஞர் நியூட்டன் 1665, 1666 ஆகிய ஆண்டுகளிலேயே நுண்கணிதத்தின் அடிப்படைகளைக் கண்டிருந்தார். ஆனால் அவற்றை உடனே வெளியிடவில்லை. எனவே, முதலிற் கண்டவர் நியூட்டன். முதலில் வெளியிட்டவர் லைப்னிட்ஸ். இருவரும் தனித்தனியே கண்டனர் என்பதே வரலாற்றறிஞர்கள் ஆய்ந்து கண்ட முடிபு. அந்நாளிலோ, லைப்னிட்ஸ் நியூட்டனின் கருத்தைக் கவர்ந்தார் என்னும் பழி எழுந்தது. அவர் தமக்கு நீதி வேண்டி இலண்டன் அரசக் கழகத்தை நாடினார். அக்கழகம் 1712-இல் ஒரு குழுவை அமைத்தது. கழகத்தின் தலைவரோ நியூட்டன். லைப்னிட்ஸின் விளக்கத்தைக் கேளாமலே குழு அவருக்கு மாறாகத் தீர்ப்பு வழங்கியது. அவ்வறிக்கையை வரைந்தவர் நியூட்டனே என்பது பின்னாளில் வெளிப்பட்டது.

1714-இல் ஹனோவர்க் கோமகன் ஜார்ஜ் இங்கிலாந்தின் அரசரானார். அரசவை இலண்டனுக்குப் பெயர்ந்தது. லைப்னிட்ஸோ அரச மரபின் வரலாற்றை எழுதி முடிக்கும் பணியோடு ஹனோவரிலேயே விடப்பட்டார். நோயும் தனிமையும் அவரை வாட்டின. 1716-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அவருடைய செயலாளர் உடன் செல்ல, அவரை அடக்கம் செய்தனர். அரசவையினர் ஒருவரும் வரவில்லை. அவர் உறங்கிய இடத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெயர்க்கல்லும் இல்லை. பாரிசு அறிவியற் கழகம் மட்டும் அடுத்த ஆண்டு அவருக்குப் புகழுரை வழங்கியது.

குறிகளின் வெற்றி

மனிதர் தீர்ப்பு ஒன்றாக, காலத்தின் தீர்ப்பு வேறாயிற்று. நியூட்டன் எழுத்தின் தலைமேல் புள்ளியிட்டு மாற்றத்தின் வேகத்தைக் குறித்தார். இயக்கவியலில் அக்குறி இன்றும் பயன்படுகிறது. ஆயினும், மாற்றம் அடுக்கடுக்காய் வரும்போது புள்ளிகளும் பெருகி இடர் தந்தன. லைப்னிட்ஸின் குறியோ எதனைப் பொறுத்து எது மாறுகிறது என்பதையும் தன்னகத்தே காட்டியது. அக்குறியைக் கைக்கொண்ட ஐரோப்பிய நாடுகளில் நுண்கணிதம் விரைந்து வளர்ந்தது. நாட்டுப்பற்றின் மிகுதியால் புள்ளிக் குறியையே பற்றி நின்ற இங்கிலாந்து, அவ்வளர்ச்சியினின்றும் நூறு ஆண்டுகள் பின்தங்கியது.

1812-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பாபேஜ், ஹெர்ஷல், பீக்காக் என்னும் இளைஞர்கள் ஒரு கழகம் அமைத்து, லைப்னிட்ஸின் குறிகளைத் தம் நாட்டில் பரப்ப முனைந்தனர். 1817-இல் தேர்வாளராக அமர்ந்த பீக்காக் அக்குறிகளைத் தேர்வுத் தாளிலேயே புகுத்தினார். நியூட்டன் பயிற்றுவித்த பல்கலைக்கழகத்திலேயே லைப்னிட்ஸின் குறி அரியணை ஏறியது. குறிகளுக்கு நாடில்லை, பகையுமில்லை, பயன் ஒன்றே அவற்றின் பிறப்புச் சான்று.

இக்காலத்தில் ஈய எழுத்துகள் பெரும்பாலும் மறைந்தன. ஆனால், கணிதத்தை அழகுறக் கோக்கும் வேட்கை மறையவில்லை. அமெரிக்க அறிஞர் டொனால்ட் கனூத் 1977-இல் தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்புகளின் அழகின்மை கண்டு வருந்தி, கணிதம் கோப்பதற்கெனக் கணிப்பொறி நிரல் ஒன்றை அமைக்கத் தொடங்கினார். டெக் என்னும் பெயரோடு 1978-இல் அது வெளிவந்தது. எத்துணை மாடிகள் உடைய சமன்பாட்டையும் அம்முறையில் ஒரே வரியில் எழுதிக் கொடுக்கலாம். அடுக்கும் பணியைப் பொறி பார்த்துக்கொள்ளும். வரியில் எழுதும் எளிமையும் அடுக்கில் காணும் தெளிவும் ஒருங்கே கிட்டின.

விளக்கவுரை, கணக்கு, விடை ஆகிய மூன்றையும் ஒரே ஏட்டில் தாங்கும் கணிப்பொறிக் குறிப்பேடுகள் இன்று மாணவர் கைக்கு வந்துள்ளன. அவற்றிலும் இணையப் பக்கங்களிலும் சமன்பாடுகள் பெரும்பாலும் டெக் வகுத்த எழுத்துமுறையிலேயே எழுதப்படுகின்றன. தொகையீட்டுக் குறி வேண்டும் மாணவர், இரண்டு டாலர் குறிகளுக்கு இடையே, பின்சாய்வுக் கோட்டோடு இன்ட் என்னும் மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கத்தைத் தட்டுகிறார். இன்டெக்ரல் என்பதன் சுருக்கம் அது. உடனே நீண்ட எஸ் ஏட்டில் எழுகிறது. தட்டும் பெயர் பெர்னூலி விரும்பியது. தோன்றும் குறி லைப்னிட்ஸ் கண்டது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் இரு நண்பர்கள் மடல் வழியே செய்துகொண்ட உடன்பாடு ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப்படுகிறது.

லைப்னிட்ஸ் விட்டுச் சென்ற கையெழுத்துத் தாள்கள் ஹனோவர் நூலகத்தில் காக்கப்படுகின்றன. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களோடு அவர் நடத்திய மடற்போக்குவரத்தை 2007-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துப் போற்றியது.

அரிய உண்மையைக் காண்பது பேரறிவு. கண்ட உண்மையைப் பிறர் எளிதில் எழுதவும், கோக்கவும், படிக்கவும் ஏற்ற வடிவில் வழங்குவது பேரன்பு. லைப்னிட்ஸ் இவ்விரண்டும் உடையவராய் விளங்கினார். முகமறியாத அச்சுக்கோப்பவரின் உழைப்பையும், இனிப் பிறக்கப்போகும் மாணவரின் அயர்வையும் அவர் எண்ணிப் பார்த்தார். அரசவை அவரை மறந்தது. கழகம் அவருக்குப் பழி சூட்டியது. அவர் அளித்த குறிகளோ, கணிதம் பயிலும் ஒவ்வொருவர் கையிலும் நாள்தோறும் எழுதப்பட்டு வாழ்கின்றன.